வறுமையிலிருந்து ஏறியவர் யார், விழுந்தவர் யார்?

நாட்டில் வறுமை குறைந்துவிட்டது என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் நான் அந்தச் செய்திக்குள் வேறொன்றைத் தேடுவேன். குறைந்தது சரி. வெளியே போன குடும்பங்கள் எவை, புதிதாக உள்ளே விழுந்தவை எவை? பெரும்பாலும் அந்த விவரம் இருக்காது. 2024இல் ஒரு தடவை இருந்தது. டெல்லியில் உள்ள என்.சி.ஏ.இ.ஆர். ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வை வைத்து, சோனால்டே தேசாய் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2011-12இல் 21.2 சதவீதமாக இருந்த வறுமை 2022-24இல் 8.5 சதவீதமாக இறங்கியிருக்கிறது என்றார்கள். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த 8.5இல் 3.2 மட்டுமே வறுமையில் பிறந்து அதிலேயே கிடப்பவர்கள். மீதி 5.3, வாழ்க்கையில் ஏதோ ஒன்று தட்டிவிட்டதால் பிறகு விழுந்தவர்கள். இன்றைய ஏழைகளில் பத்துக்கு ஆறு பேர் நேற்று ஏழையாக இல்லாதவர்கள் என்றால், நம் திட்டங்கள் யாரை மனதில் வைத்துத் தீட்டப்படுகின்றன என்ற கேள்வி வந்தாக வேண்டும்.

இதை அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதே வீடுகளுக்குத் திரும்பப் போனதுதான். 2004-05இல் 41,554 குடும்பங்களைப் பார்த்தார்கள். 2011-12இல் அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடித்து மறுபடியும் பேசினார்கள். 2022-24இல் மூன்றாம் முறை. நம் நாட்டின் மற்ற பெரிய ஆய்வுகளில் பல அப்படிச் செய்வதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு வீடுகளின் கதவைத்தான் தட்டுகிறது. அதை வைத்துத்தான் நிதி ஆயோக், தமிழ்நாட்டின் பல்பரிமாண வறுமை 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம் என்று கணக்கிட்டது. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அந்த 2.20க்குள் இருப்பவர்கள் பழைய 4.76இன் மிச்சமா, புதிதாக வந்தவர்களா என்று அந்த ஆய்வைக் கேட்டால் பதில் வராது. பதில் சொல்லும்படி அது அமைக்கப்படவில்லை.

இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் போன வருடம் நூற்றுக்குப் பத்துக் குடும்பங்கள் ஏழை, இந்த வருடமும் நூற்றுக்குப் பத்து. முதல் மாவட்டத்தில் அதே பத்துக் குடும்பங்கள். இரண்டாவதில் ஐந்து குடும்பங்கள் மேலே ஏறிவிட்டன, வேறு ஐந்து விழுந்துவிட்டன. ஆட்சியர் அலுவலகத்துக் கோப்பில் இரண்டும் ஒன்றுதான். முதல் மாவட்டத்துக்கு நிலம், வீடு, படிப்பு, சாதிச் சான்றிதழ், ஓய்வூதியம் என்று பல வருட வேலை இருக்கிறது. இரண்டாவதற்கு வேண்டியது விழும் நேரத்தில் தாங்கிப் பிடிக்கும் கை: மருத்துவச் செலவு, கூலி இழப்புக்கு ஈடு, கந்துவட்டிக்குப் போகாமல் தடுக்கும் அவசரக் கடன். நோய் வேறு, மருந்தும் வேறு. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் அரசுக் கலைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள். கூடவே குடும்ப ஆய்வுகளுக்குப் போகும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களோடு கிராமங்களுக்கும் போயிருக்கிறேன். அதே வீட்டுக்கு மறுபடியும் போனால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று இங்கே யாராவது நினைத்தால், அது அத்தனை சுலபமில்லை என்பதையும் அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு தொகுப்பு வீடு. முதல் சுற்றில் போனபோது வீட்டுக்காரர் மேஸ்திரி, பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒரு முறை வருவார். வாசலில் தவணையில் வாங்கிய பைக். மகன் பத்தாவது. இரண்டு வருடம் கழித்து இரண்டாம் சுற்று. சாரம் சரிந்து விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திண்ணையில் படுத்திருந்தார். முதலில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அரை ஏக்கர் மானாவாரி நிலம் அடமானத்தில். மனைவியின் பெயரில் இரண்டு இடத்தில் குழுக் கடன், வாரா வாரம் கட்ட வேண்டும். மகன் பதினொன்றாவது சேர்ந்து பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

இப்போது கேள்வித்தாளைப் பாருங்கள். டிவி இருக்கிறதா? இருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி? இருக்கின்றன. செல்போன்? முன்பு ஒன்று, இப்போது மகனிடம் ஒன்று சேர்த்து இரண்டு. பைக் மட்டும் இல்லை. மாத வருமானம்? அப்பா கொண்டுவந்தது நின்று, மகன் அனுப்புவது வருகிறது. கொஞ்சம்தான் குறைவு. என்னோடு வந்த பெண் டேப்லெட்டில் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "மேடம், இவங்க போன தடவை மாதிரியேதான் காட்டுது. இப்படியே அனுப்பிடட்டுமா?"

அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இன்னொரு குடும்பம். முதல் சுற்றில் பெரியவர் ஒருவர்தான் பதில் சொன்னார். "என்னாத்தம்மா இருக்குது, கூலிதான். வந்தா உண்டு, இல்லாட்டி இல்ல." ரேஷன் கார்டில் கைவைக்க வந்திருக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். இரண்டாம் சுற்றில் மருமகள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இரண்டு கறவை மாடு, பால் சொசைட்டியில் பணம் வருகிறது, கொழுந்தன் கடை வைத்திருக்கிறார். மாடு எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். "ரொம்ப நாளா இருக்குதுக்கா. நீங்க முன்ன வந்தப்பவும் கொட்டாயில கட்டியிருந்துச்சே" என்றாள். காகிதத்தின்படி அந்தக் குடும்பம் இரண்டு வருடத்தில் ஒரே தாவலில் மேலேறிவிட்டது. உண்மையில் அந்த வீட்டில் பதில் சொன்ன ஆள்தான் மாறியிருந்தார்.

விழுந்த குடும்பம் விழாததுபோலவும், நகராத குடும்பம் ஏறியதுபோலவும் காட்டும் ஒரு ஏட்டை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று நேராக எண்ணினால் என்ன கிடைக்கும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். நூறு குடும்பங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் நிலைகூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பத்துக்கு ஒன்று தவறாகப் பதிவாகிறது, ஒரு சுற்றின் தவறுக்கும் அடுத்த சுற்றின் தவறுக்கும் தொடர்பில்லை. முதல் சுற்றில் சரி, இரண்டாவதில் தவறு என்பது நூற்றுக்கு ஒன்பது. முதலில் தவறு, பிறகு சரி என்பது இன்னொரு ஒன்பது. ஆக, யாருமே நகராத ஊரில் பதினெட்டுக் குடும்பங்கள் நகர்ந்ததாகக் கணக்கு வரும். நிலை மாறுகிறதா என்று பார்க்கும்போது பதிவுப் பிழை இப்படித்தான் இரட்டிப்பாகிக் கைக்கு வருகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் போட்டர்பாவும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1986இல் வேலை, வேலையின்மைக் கணக்கெடுப்பில் இதையே காட்டினார்கள். பதிவுப் பிழையைக் கழித்துப் பார்த்தால் மக்கள் வேலைக்குள்ளும் வெளியிலும் போய்வருவது முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு, வேலையின்றிக் கிடக்கும் காலம் முன்பு நினைத்ததைவிட நீளம்.

பிழையைப் பிரித்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. புள்ளியியலில் அதை மறைநிலைப் பெயர்ச்சிப் பகுப்பாய்வு எனலாம். ஆராய்ச்சியாளர்கள் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்.டி.ஏ. என்பார்கள். அதன் அடிப்படை எண்ணம் யாருக்கும் விளங்கக்கூடியதுதான். வறுமையை எந்த ஒரு கேள்வியாலும் நேராகப் பிடிக்க முடியாது. அரிசிக்குக் கடன் வாங்கினீர்களா, பிள்ளை படிப்பை நிறுத்தினீர்களா, நகை அடகில் இருக்கிறதா, வைத்தியம் வேண்டாம் என்று விட்டதுண்டா என்று பல கேள்விகள் கேட்கிறோம். ஒவ்வொரு பதிலும் பாதி உண்மை, பாதி சத்தம். ஆனால் பதில்கள் சேர்ந்து வரும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கை வைத்து, கண்ணுக்குத் தெரியாத மூன்றோ நான்கோ குழுக்கள் இருப்பதாகக் கொண்டு, ஒவ்வொரு குழுவில் இருப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கிறோம். அதோடு, முதல் சுற்றில் ஒரு குழுவில் இருந்த குடும்பம் அடுத்த சுற்றில் எந்தக் குழுவில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு அட்டவணை போடுகிறோம். பதில் தடுமாறுவதும் குடும்பம் உண்மையிலேயே நகர்வதும் இந்தக் கணக்கில் தனித்தனி இடத்தில் உட்கார்ந்துவிடும். மருமகள் வீட்டுக் கணக்கு தாவலாகத் தெரியும் வாய்ப்பு குறையும். மேஸ்திரி வீட்டில் சரியான கேள்விகளைக் கேட்டிருந்தால், பைக் ஒன்று மட்டும் போனதாக அல்லாமல் குடும்பமே வேறு குழுவுக்கு இறங்கியதாகத் தெரியும்.

இதன் வேரைத் தேடிப் போனால் ஒரு ஏழைக் கிராமத்தில்தான் போய் நிற்போம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வியன்னாவுக்கு அருகே மரியன்டால். ஒரே ஒரு நெசவாலை, அதை நம்பி ஒரு ஊர். 1929-30இல் ஆலை மூடப்பட்டது. அங்கே இருந்த 478 குடும்பங்களில் முக்கால்வாசிக்கு வேலை போயிற்று. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற இளைஞர்கள் ஒரு குழுவோடு 1931 கடைசியில் அங்கே போனார்கள். வெறும் நோட்டுப் புத்தகத்தோடு யாரும் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்கள். உடை வழங்கினார்கள், தையல் வகுப்பு வைத்தார்கள், வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சாக்கில்தான் ஊரைப் பார்த்தார்கள். தெருவில் ஆண்கள் எத்தனை தடவை நின்று நின்று நடக்கிறார்கள், பெண்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்று கடிகாரத்தை வைத்து அளந்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்த அந்த ஊரில் நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டு வருடத்தில் பாதியாகக் குறைந்திருந்தது.

குடும்பங்களை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். இன்னும் நொறுங்காமல் திட்டமும் நம்பிக்கையும் வைத்திருப்பவை. எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டு, வீட்டை ஒழுங்காக வைத்து, நாளைக் கடத்துபவை. வெளியே பார்த்தால் அதேபோல ஒழுங்காக இருந்து, உள்ளே நம்பிக்கை முழுதும் அற்றுப்போனவை. எல்லாவற்றையும் கைவிட்டு, வீடும் பிள்ளைகளும் கவனிப்பாரற்றுப் போனவை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இல்லை. பழகினால்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு குழுவின் வருமானத்தையும் பார்த்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் சராசரியாக 34 ஷில்லிங், 30, 25, 19 என்று படிப்படியாக இறங்கியது. காசு குறையக் குறையக் குடும்பம் எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு வழுக்கும் என்பதை அந்த வரிசை முன்கூட்டியே காட்டியது. குழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை, குடும்பங்கள் அவற்றுக்கிடையே நகர்பவை என்ற இரண்டு எண்ணமும் அங்கேயே இருக்கின்றன.

நூல் 1933இல் வந்தது. யூதர்கள் என்பதால் ஆசிரியர்கள் பெயர் அட்டையில் இல்லை. லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்கா போனார். 1940 அதிபர் தேர்தலில் ஓஹியோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் அதே 600 பேரிடம் மே முதல் நவம்பர் வரை மாதம்தோறும் போய், மொத்த ஆதரவு அதிகம் ஆடாமல் இருக்கும்போதுகூட உள்ளே ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டினார். 1950இல் மறைநிலைக் குழுக்களுக்குக் கணக்கு எழுதியவரும் அவர்தான். அதைக் காலத்தோடு இணைத்து இன்றைய வடிவத்தில் லிண்டா காலின்ஸும் ஸ்டூவர்ட் வுகால்ட்டரும் 1992இல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பதின்ம வயதினர் சிகரெட்டிலிருந்து மதுவுக்கும் அங்கிருந்து வேறு போதைக்கும் எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க அது நிறையப் பயன்பட்டது. நம் ஊர் வறுமைக்கு அதைப் பயன்படுத்தியது போதாது.

பயன்படுத்தும்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பொருள் பட்டியலை வைத்து வசதியை அளப்பது உலக வழக்கம். கலர் டிவி இருந்தால் ஓரளவு வசதி, மிக்ஸி இருந்தால் இன்னும் கொஞ்சம். தமிழ்நாட்டில் 2006 முதல் இலவசக் கலர் டிவி, 2011 முதல் இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. எனக்கு அந்தத் திட்டங்கள் மேல் குறை இல்லை. அம்மிக்கல்லில் முதுகு ஒடிந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் 2005இல் வசதியைக் காட்டிய ஒரு பொருள் 2012இல் ரேஷன் கார்டைத்தான் காட்டுகிறது. இரண்டு சுற்றிலும் அதே கேள்வியைக் கேட்டு, அதே அர்த்தம் கொடுத்து மாதிரியை ஓட்டினால், ஒரு மாநிலமே நடுத்தர வர்க்கத்துக்கு ஏறிவிட்டதாக முடிவு வரும். குழுக்களின் அடையாளம் சுற்றுக்குச் சுற்று மாறாமல் இருக்கிறதா என்பதை முதலில் சோதித்துவிட்டுத்தான் நகர்வைப் பற்றிப் பேச வேண்டும். எந்தக் கேள்வி செல்லாக்காசு ஆயிற்று என்று மென்பொருள் தானாக வந்து சொல்லாது. ஊர் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எல்லோருக்கும் நகரும் வாய்ப்பு ஒன்றுபோல இல்லை. 1955இல் புளூமன், கோகன், மெக்கார்த்தி என்ற மூவர் அமெரிக்கத் தொழிலாளர்கள் ஒரு தொழில்துறையிலிருந்து இன்னொரு தொழில்துறைக்கு மாறுவதை ஆராய்ந்தார்கள். இன்றைய நிலை தெரிந்தால் நாளைய நிலையைக் கணித்துவிடலாம் என்ற எளிய மார்க்கோவ் கணக்கு அங்கே பொய்த்தது. கணக்கு சொன்னதைவிட அதிகம் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நகர்பவர்கள் ஒரு வகை, நகராதவர்கள் இன்னொரு வகை என்று பிரித்த பிறகே கணக்கு பொருந்தியது. நம் நாட்டில் நகராதவர்களின் முகம் எது என்று சொல்லத் தேவையில்லை. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் முதல் இரண்டு சுற்றுகளை வைத்து அமித் தோரட்டும் மற்றவர்களும் 2017இல் எழுதியதன்படி, தலித், பழங்குடிக் குடும்பங்கள் வறுமையிலிருந்து ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு, ஏழையாக இல்லாதிருந்தாலும் வறுமைக்குள் விழும் ஆபத்து அதிகம். செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்ட ஒரு இருளர் குடும்பத்தையும், காப்பீடு இல்லாததால் ஒரு வருடம் தடுமாறும் கடைக்காரர் குடும்பத்தையும் ஒரே சராசரிக்குள் போட்டால், முதல் குடும்பத்துக்குக் கிடைப்பது பொய்யான நம்பிக்கைதான்.

விழுவதற்கு என்ன காரணம்? ஆராய்ச்சியாளர் அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தானின் 35 கிராமங்களில் ஊரைக் கூட்டி, 25 வருடத்துக்கு முன்பு எந்த வீடு எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஊராரையே சொல்ல வைத்தார். 11.1 சதவீதக் குடும்பங்கள் ஏறியிருந்தன. 7.9 சதவீதம் விழுந்திருந்தன. நிகரமாகப் பார்த்தால் மூன்று சதவீதம் சொச்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். விழுந்தவர்களின் கதையில் திரும்பத் திரும்ப வந்தவை நோயும் மருத்துவச் செலவும், சாவுக்கும் கல்யாணத்துக்கும் செய்யும் செலவு, கொடிய வட்டிக் கடன். ஏறியதற்கான காரணங்கள் வேறு, விழுந்ததற்கான காரணங்கள் வேறு என்பதுதான் அவர் வேலையின் முக்கியப் பாடம். ஏற்றிவிடும் திட்டம் விழாமல் தடுக்காது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அறுவைச் சிகிச்சைக்கு உதவுகிறது, நல்லது. மேஸ்திரி படுத்துக் கிடந்த மாதங்களின் கூலியையும் கூட இருந்து பார்த்துக்கொண்ட மனைவியின் கூலியையும் அது தராது. அந்த ஓட்டையில்தான் மகனின் படிப்பு விழுந்தது.

இந்த மாதிரிகள் மேல் இத்தனை அக்கறை கொண்ட நான், இவற்றைக் கண்டு பயப்படவும் செய்கிறேன். கணினி தரும் குழுக்களுக்கு நாம்தான் பெயர் வைக்கிறோம். 'நிலைத்த ஏழை', 'விளிம்பு', 'மீண்டவர்' என்று பெயர் வைத்துவிட்டால் அவை ஏதோ இயற்கையிலேயே இருப்பவைபோல ஆகிவிடுகின்றன. டேனியல் பவரும் பாட்ரிக் கரனும் 2003இல், ஒரே ஒரு கூட்டம் மட்டும் இருக்கும் தரவில்கூட அளவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், காலப்போக்கைப் பார்க்கும் இத்தகைய கலப்பு மாதிரி பல குழுக்கள் இருப்பதாகக் காட்டும் என்று நிறுவினார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் 'மீண்டவர்' குழுவில் இருக்க 70 சதவீத வாய்ப்பு என்று மாதிரி சொல்கிறது. அப்படிப்பட்ட நூறு குடும்பங்களில் முப்பது மீளவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அந்த 70ஐ வைத்து ஒரு வீட்டின் கார்டை வெட்டினால் அது அநியாயம். 2002இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பிரிக்க 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52 என்று போட்டு, வீடு வீடாக முத்திரை குத்தினோம். ஒரு நாளில் எடுத்த மதிப்பெண் வருடக்கணக்கில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாக நின்றது. நடுவில் விழுந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் கதவே இல்லை. தமிழ்நாடு அந்த வெட்டலை ரேஷனில் ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்று நின்றது. அந்த முடிவை நான் மனதார ஆதரிக்கிறேன். மேஸ்திரி வீட்டில் அன்று அடுப்பு எரிந்தது அதனால்தான். மாதிரி எத்தனை துல்லியமாக ஆனாலும், அது கொள்கை வகுக்கட்டும், மாவட்டங்களுக்குப் பணம் பிரிக்கட்டும். தனி ஒரு வீட்டின் மேல் தீர்ப்பு எழுத அதற்கு உரிமை இல்லை.

என்ன செய்யலாம்? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1916இல் மதராஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களுக்கு அனுப்பினார். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரை ஆராய்ச்சியாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். போன ஊருக்கே திரும்பப் போவது இந்த மண்ணில் நூறு வருடப் பழக்கம். பிழையை அளப்பதும் நமக்குப் புதிதல்ல. ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கெடுத்து, இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்க்கும் முறையைப் புள்ளியியல் அறிஞர் மஹலானோபிஸ் வங்காளத்துப் பயிர் ஆய்வுகளில் கொண்டுவந்து, பிறகு தேசிய மாதிரி ஆய்விலும் புகுத்தினார். உலகம் நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் அது. மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு 2025 ஜனவரி முதல் கிராமத்திலும் நகரத்திலும் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வொன்றைத் தொடங்கியிருக்கிறது. விதை இருக்கிறது.

அதனால் அரசிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். தொடர் ஆய்வுக்குப் பணம் பாதியில் நிற்கக் கூடாது, இரண்டு சுற்றோடு விட்டுவிட்டால் முதல் சுற்றின் செலவும் வீண். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு பகுதி வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்குள் வேறொரு ஆளை அனுப்பி அதே கேள்விகளைக் கேட்க வேண்டும், பதில் எவ்வளவு தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பட்ஜெட்டின்போது வறுமை இத்தனை சதவீதம் என்று சொல்லும் இடத்தில், ஏறியவர் இத்தனை, விழுந்தவர் இத்தனை, நகராதவர் இத்தனை என்ற அட்டவணையைச் சாதி, மாவட்ட வாரியாகச் சேர்த்து வெளியிட வேண்டும். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 5 லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் மீட்பதாக முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. உயர்ந்த நோக்கம். அந்த 5 லட்சம் குடும்பங்கள் ஏறினவா என்று பார்க்கும்போதே, அதே இரண்டு ஆண்டில் பட்டியலுக்கு வெளியே எத்தனை குடும்பங்கள் விழுந்தன என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்கு அர்த்தம் முழுமையாகாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தொடர் ஆய்வுகள் செத்துப்போவது பெரும்பாலும் பணத்தால் மட்டுமல்ல, இரண்டாம் முறை கதவு திறக்காததாலும்தான். "போன தடவையே எல்லாம் சொல்லியாச்சே" என்று திருப்பி அனுப்பப்படும் வீடுகள், வீடு மாறிப் போய் முகவரி சொல்லாமல் விட்ட வீடுகள், இவற்றில்தான் பெரிய ஏற்றமும் பெரிய வீழ்ச்சியும் ஒளிந்திருக்கும். அடையாள அட்டையோடு ஒரு பெண்ணோ பையனோ மறுபடியும் உங்கள் வாசலில் வந்து நின்றால், அட்டையைச் சரிபார்த்துவிட்டு உட்கார வையுங்கள். முன்பு சொன்ன பதிலோடு ஒத்துப்போக வேண்டும் என்று பார்க்காமல், இன்று வீட்டில் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.